இலங்கை மலையகத்தில் நாமே கார் ஓட்டலாமா?

கேள்வி, 12 அக்டோபர் 2024

(மலேசியா, தைப்பிங்கிலிருந்து ஒரு வாசகர்)

அக்கா, ஜனவரி நடுவில் தொடங்கும் நீண்ட பள்ளி விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் இலங்கை போகிறோம். கண்டி, நுவரெலியா, எல்ல, அப்புறம் தெற்குக் கடற்கரை. எல்லாரும் ஓட்டுநரோடு வண்டி எடு என்கிறார்கள். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். நான் இருபது வருடமாகத் தாப்பா வழியாகக் கேமரன் மலை ஏறி இறங்குகிறவன். எனக்கு நுவரெலியா ஒரு பொருட்டா?

12 அக்டோபர் 2024, இரவு

ஓட்டலாம். அந்தக் கடைசி வரியை மட்டும் தைப்பிங்கிலேயே வைத்துவிட்டுப் போங்கள், தம்பி.

நான் சுங்கை சிப்புட்டில் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். அப்பா தோட்டத்தில் செம்பனை லோரி ஓட்டியவர். இந்த வருடம் பிப்ரவரி கடைசியில், இங்கே பள்ளி விடுமுறையாக இருந்தபோது, அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு பத்து நாள் போனேன். ஆட்டோ கியர் போட்ட சின்ன ஜப்பான் கார். முழுக்க நானே ஓட்டினேன்.

சாலையின் மேல்பரப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவ, றம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் பெரிய சாலையில் தார் நன்றாகவே இருக்கிறது. அகலம்தான் இல்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரு பஸ்ஸும் நீங்களும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியாவிட்டாலும் முன்னிரவு வரை ஓட்டலாம்.

உரிமம்: நம் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் எடுங்கள். அது மட்டும் அங்கே செல்லாது. கொழும்பு கொள்ளுப்பிட்டியில் உள்ள மோட்டார் வாகனச் சங்கத்தில் அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். வண்டி வாடகைக்குக் கொடுப்பவர்களிடம் முன்பே சொன்னால் அவர்களே வாங்கி வைப்பார்கள்.

14 அக்டோபர் 2024

40 என்று எழுதியது தவறு. பயணத்தின்போது குறித்து வைத்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். கண்டியிலிருந்து நுவரெலியா ஏறத்தாழ 75 கிலோமீட்டர். காலை எட்டரைக்குக் கிளம்பி, தேநீருக்கு ஒருமுறை, அருவி பார்க்க ஒருமுறை நிறுத்தி, ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறோம். நிறுத்திய நேரத்தைக் கழித்தாலும் மணிக்கு 25-க்கு மேல் வரவில்லை.

அங்கே சட்டம் ஊருக்குள் 50, வெளியே 70, விரைவுச்சாலையில் 100 என்கிறது. மலையில் அந்த 70-ஐ நான் பார்க்கவே இல்லை. கூகுள் வரைபடம் காட்டும் நேரத்தோடு பாதி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வயிறும் கணக்கில் உண்டு.

19 அக்டோபர் 2024

ஏறுவதைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கு நடந்தது இறங்கும்போது.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கண்டி ஏறத்தாழ 500 மீட்டர். அந்த வித்தியாசம் முழுவதையும் வளைந்து வளைந்து இறங்கித் தீர்க்க வேண்டும். எல்லயிலிருந்து திரும்பி வந்து, மறுநாள் காலை றம்பொடை வழியாக இறங்கினோம். கியர் டி-யில் இருந்தது. வேனில் எனக்குக் கை கியர். எப்போது இரண்டாவதுக்குக் குறைக்க வேண்டும் என்று கையே முடிவு செய்துவிடும். ஆட்டோ கியரில் கை சும்மா இருந்தது, கால் மட்டும் வேலை செய்தது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பிரேக், நேராக வரும் இடத்திலும் பிரேக்.

றம்பொடைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், வாடை வந்தது. துணி இஸ்திரி போடும்போது கருகுமே, அந்த வாடை. அக்கா யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது. இதே வாடையோடு அப்பாவின் லோரி வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறது. பிரேக்கை மிதித்தேன், வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. நல்லவேளை, அடுத்த வளைவில் ஒரு தேநீர்க் கடையும் சற்று அகலமான மண்தரையும் இருந்தன. ஒதுக்கி நிறுத்தினேன். கைகள் நடுங்கின, மறைக்கவில்லை.

கைப்பிரேக் போட்டு இறங்குவதற்குள் கடைக்குப் பின்னால் இருந்த லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பத்து வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்தான். கையில் தேங்காய் அளவு கருங்கல். யாரும் சொல்லாமலே சரிவுப் பக்கம் முன்சக்கரத்துக்கு அடியில் வைத்து, காலால் ஓர் உதை உதைத்து இறுக்கினான். கடைக்காரர் எட்டிப் பார்த்து, வாடையை வைத்தே சொல்லிவிட்டார்: "அம்மா, அரை மணி நேரம் ஆறட்டும். டி-க்குக் கீழே எல் என்று ஓர் எழுத்து இருக்கும், அதில் போட்டு இறங்குங்கள்." பால் ஊற்றாத தேநீர் குடித்தோம், ஆளுக்கு இரண்டு கோப்பை.

கிளம்பும்போது வண்டியைச் சற்று நகர்த்தினேன், கல் விடுபட்டது. நான் அப்படியே போயிருப்பேன். அந்தப் பையன் கையைக் காட்டி நிறுத்தி, கல்லை எடுத்துக்கொண்டு போய் ஓரத்தில், மதிலை ஒட்டி வைத்துவிட்டு வந்தான். சாலையில் கிடந்தால் இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் விழுந்துவிடுவார் என்றான். அம்மா அவன் தலையைத் தடவினாள். அப்பாவும் இதைத்தான் செய்வார். லோரியை எடுக்கும் முன் இறங்கிப்போய், சக்கரத்துக்கு அடியில் வைத்த தன் கட்டையைத் தானே எடுத்துக்கொண்டு வருவார்.

ஆகவே, எல், அதாவது தாழ்ந்த கியர். இறக்கம் தொடங்கும் முன்பே, வண்டி வேகம் பிடிக்கும் முன்பே போடுங்கள். இன்ஜின் உறுமும், உறுமட்டும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். தேய்ந்துகொண்டே இருந்தால் பட்டை சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். பிரேக் எண்ணெய் பழையதாக இருந்தால் அதில் சேர்ந்திருக்கும் ஈரம் கொதித்து ஆவியாகும், மிதி தரைவரை போய்விடும். வாடகை வண்டியில் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

20 அக்டோபர் 2024

விட்டுப்போனது: சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தகடு கோணிவிடும். காற்றில் தானாக ஆறட்டும்.

27 அக்டோபர் 2024

ஹாரனைப் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். இங்கே நாம் ஹாரன் அடித்தால் சண்டைக்குக் கூப்பிடுகிறோம் என்று பொருள். அதனால் முதல் இரண்டு நாள் நான் அடிக்கவே இல்லை. அது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கண் மறைக்கும் ஒரு வளைவில் சிவப்பு நிற அரசு பஸ் மூக்குக்கு நேரே வந்து நின்றது. அதன் ஓட்டுநர் திட்டவில்லை. கையால் ஹாரன் அழுத்துவதுபோல் காட்டினார், அவ்வளவுதான். வளைவுக்கு முன் சின்னதாக ஒருமுறை அடித்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, பதில் வருகிறதா என்று கேட்க வேண்டும். குளிர் உள்ளே வந்தாலும் கண்ணாடி இறங்கியே இருக்கட்டும்.

எதிரே வருகிற பஸ் விளக்கை மின்னினால், நான் வருகிறேன், நீ நில் என்று பொருள். வழி விடுகிறார் என்று எண்ணி நுழைந்துவிடாதீர்கள்.

குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் நிற்க வேண்டும். சுமையோடு ஏறுகிறவர் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கடினம். நீங்கள் இறங்கும்போது, எதிரே பஸ் தெரிந்த உடனே, ஒதுங்க இடம் இருக்கும்போதே ஒதுங்குங்கள். கிட்டப் போன பிறகு இடம் தேடாதீர்கள். ஒதுங்கும்போது மழைநீர்க் கால்வாயைப் பாருங்கள். புல் மூடியிருக்கும், அடியில் அரை மீட்டர் ஆழம் இருக்கும்.

3 நவம்பர் 2024

தீபாவளி முடிந்து இன்றுதான் உட்கார நேரம் கிடைத்தது. முதல் குறிப்பில் முன்னிரவு வரை ஓட்டலாம் என்று எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது. அதை எடுத்துவிடுங்கள். மாலை ஐந்தரைக்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

சாலையில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபோதுதான் மனம் மாறியது. தாப்பா சாலையில் கார், லோரி, காய்கறி ஏற்றிய வண்டிகள். மனிதர் நடப்பது குறைவு. மலையகத்தில் சாலைதான் தோட்டத்து மக்களின் முற்றம். லயத்து வாசலில் கால் வைத்தால் தார்ச்சாலை. நடைபாதை கிடையாது. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகிற பெண்கள், முதுகில் கொழுந்துக் கூடை. மாலையில் விறகுச் சுமை. வளைவுக்கு வளைவு படுத்திருக்கும் நாய்கள். விளக்கு இல்லாத இடங்களில் இருட்டிய பிறகும் இவர்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள், பஸ் ஹெட்லைட்டில் நம் கண் கூசும் அந்த நொடியிலும்.

அதைவிடப் பள்ளி விடும் நேரம். அங்கே பெரும்பாலும் ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுகிறார்கள். ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை மலைச்சாலை முழுக்க வெள்ளைச் சீருடை. மூன்று பேர், நான்கு பேராகக் கைகோத்துக்கொண்டு நடப்பார்கள். குடை இருந்தால் குடைக்குள் நான்கு தலை. நான் இருபத்திரண்டு வருடமாக இந்த வயதுப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். பந்து உருண்டால் பின்னாலேயே ஓடுவார்கள், பார்க்க மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் வண்டியை ஓரங்கட்டிச் சாப்பிடுங்கள். தம்பி, இது ஒன்றை மட்டும் தயவுசெய்து கேளுங்கள், மற்றதை உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்.

நாமும் லயத்தில் பிறந்தவர்கள்தானே. பெரட்டு என்ற சொல்லை அங்கே ஒரு கிழவி சொல்லக் கேட்டதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் தோட்டத்திலும் அதே சொல். அம்மாவின் பாட்டி கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது பாட்டியின் தங்கை கண்டிச் சீமைக்குப் போனாளாம். ஊர் பெயர், தோட்டத்தின் பெயர் ஒன்றும் தெரியாது. தேடிக் கண்டுபிடிக்கும் எண்ணத்தில் போகவில்லை. ஆனால் அம்மா ஒவ்வொரு லயத்தையும் கடந்து போகும்போது வண்டியை மெதுவாக்கச் சொன்னாள். நானும் மெதுவாக்கினேன். நாங்கள் நேரத்துக்கு எங்கும் போய்ச் சேராததற்கு அதுவும் ஒரு காரணம்.

4 நவம்பர் 2024

சாலைப் பலகைகளைப் பற்றிக் கேட்டவருக்கு: சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கின்றன. பிறந்ததிலிருந்து சாலைப் பலகையை மலாயில் படித்துப் பழகிய எனக்கு, மலை உச்சியில் "மண்சரிவு அபாயம்" என்று தமிழில் பார்த்தபோது, எச்சரிக்கையைவிட எழுத்துதான் முதலில் கண்ணில் பட்டது. பிறகுதான் அண்ணாந்து மலையைப் பார்த்தேன். அந்தப் பலகை உள்ள இடத்தில் படம் எடுக்க நிறுத்தாதீர்கள்.

கண்டிக்கு வரும் வழியில் கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வழி விட்டிருக்கிறார்கள். இப்போது வண்டிகள் பக்கத்தில் போகின்றன, பழைய வழி அப்படியே நிற்கிறது. அந்தச் சாலையைப் போட்ட ஆங்கிலேயப் பொறியாளர் டாசனுக்கு 1832-இல் எழுப்பிய கோபுரமும் அங்கே உண்டு. பாறையை உடைத்தவர்கள் யார் என்று அம்மா கேட்டாள். அவர்கள் பெயர் அங்கே எழுதியிருக்கவில்லை.

16 நவம்பர் 2024

வாடகை வண்டி. நான் எடுத்த இடத்தின் பெயர் வேண்டாம். திருப்பிக் கொடுக்கும்போது பின்பக்க பம்பரில் ஒரு கீறலைக் காட்டிப் பணம் பிடித்துக்கொண்டார்கள். அது முன்பே இருந்தது, நான் பார்த்தேன், படம் எடுக்கவில்லை. எண்பதை நெருங்கும் அம்மாவை விமான நிலைய வாசலில் நிற்க வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வாதாடுவது? கொடுத்துவிட்டு வந்தேன், இன்றும் ஆறவில்லை. நான்கு பக்கமும், கூரையும், டயரின் பள்ளமும், மாற்று டயரும், ஜாக்கியும் தெரியும்படி வீடியோ எடுங்கள். எடுக்கும்போது அவர்களின் ஆள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். காப்பீட்டில் உங்கள் பெயர் எழுதியிருக்கிறதா என்று வாங்கிப் படியுங்கள்.

இன்னொன்று, வரைபடம் காட்டும் குறுக்குவழி. புசல்லாவப் பக்கம் ஏழு கிலோமீட்டர் மிச்சம் என்று ஒரு தோட்டச் சாலைக்குள் அனுப்பியது. முதலில் தார், பிறகு சக்கரம் ஓட மட்டும் இரண்டு கோடாகக் கான்கிரீட், பிறகு கல். கடைசியில் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் இரும்புக் கதவு. காவலாளி நல்ல மனிதர். திருப்ப இடமில்லாத இடத்தில் என் அக்காவை ஒரு பக்கம் நிற்கவைத்து, தான் மறுபக்கம் நின்று, விரல்கடை அளவாகப் பின்னால் எடுக்க வைத்தார். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் மழையில் வழுக்கிப் பழகிய நமக்கு ஒரு துணிச்சல் வரும். அங்கே வழுக்கினால் கால்வாயில் விழ மாட்டீர்கள், அடுத்த மலைக்குப் போய்விடுவீர்கள். பெரிய சாலையை விட்டு இறங்காதீர்கள்.

5 ஜனவரி 2025

சுருக்கமாகச் சில பதில்கள். பெட்ரோல் 92, 95 என்று இரண்டு வகை. நிலையத்தில் ஆள் வந்து ஊற்றுவார், நாம் இறங்க வேண்டாம். 2022 பொருளாதார நெருக்கடியில் எரிபொருளைப் பங்கிட வந்த கியூஆர் குறியீட்டு முறை 2023 செப்டம்பரிலேயே போய்விட்டது.

நுவரெலியாவில் பிற்பகலில் மூடுபனி இறங்கும். விளக்கைத் தாழ்வாக வையுங்கள், உயர்த்தினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். நம் நெடுஞ்சாலையில் கனமழை வந்தால் நான்கு பக்க விளக்கையும் மின்னவிட்டு ஓட்டுகிறார்களே, அதை அங்கே செய்யாதீர்கள், இங்கேயும் செய்யாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

மழை: மேற்குச் சரிவில், ஹட்டன், நுவரெலியா பக்கம், மே முதல் செப்டம்பர் வரை. கிழக்கில், பதுளை, பண்டாரவளை பக்கம், ஆண்டுக் கடைசியில். நீங்கள் போவது நல்ல நேரம்.

23 பிப்ரவரி 2025

தைப்பிங் தம்பி திரும்பி வந்துவிட்டார், நேற்று தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினார். மூன்று நாள் தானே ஓட்டினாராம். நான்காம் நாள் எல்லயிலிருந்து ஓட்டுநர் வைத்துக்கொண்டாராம். சொல்லத் தயங்கினார். ஏன் தயங்க வேண்டும்? ஓட்டுகிறவர் மலையைப் பார்க்க முடியாது. வளைவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தலவாக்கலைப் பக்கம் டெவன் அருவியையும் செயின்ட் கிளயர் அருவியையும் அம்மாவும் அக்காவும் பார்த்தார்கள், நான் சத்தத்தைக் கேட்டேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து அவரும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். நல்ல முடிவு.

ஒன்றரை மணிக்கு ஒருநாளும் ஓட்டவில்லை என்றார். எனக்கு அது போதும்.

15 ஜூன் 2025

ஒரு மாதத்துக்கு மேலாக இங்கே ஒன்றும் எழுத மனம் வரவில்லை.

மே 11 அன்று விடிகாலை, கொத்மலை கரண்டியெல்லயில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் பிரேக் வாடையோடு இறங்கிய அதே சாலைதான், இன்னும் கொஞ்சம் கீழே. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 9 அன்று நம் கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர். அதுவும் நள்ளிரவு தாண்டிய நேரம். அந்த மாணவர்களின் வயதில் என் வேனில் வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். மறுநாள் காலை வேனில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

எந்த விபத்துக்கு எது காரணம் என்று நான் பேசப் போவதில்லை. ஆனால் இரவுப் பயணத்தைப் பற்றி முதல் குறிப்பில் நான் எழுதிய அந்த வரியை யாராவது படி எடுத்து வைத்திருந்தால் கிழித்துவிடுங்கள். நீங்கள் ஓட்டினாலும் சரி, ஓட்டுநர் வைத்தாலும் சரி, பஸ்ஸில் போனாலும் சரி, மலையில் பகலில் போங்கள். விமானம் விடிகாலையில் என்றால் முதல்நாளே கீழே இறங்கிவந்து கட்டுநாயக்கா பக்கம் தங்குங்கள்.

10 ஆகஸ்ட் 2025

உரிமம் பற்றி எழுதியதில் மாற்றம். இந்த மாதம் 3-ஆம் தேதி முதல் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தற்காலிக உரிமம் கொடுக்கும் முகப்பைத் திறந்திருக்கிறார்கள். அங்கே அதைச் "சாரதி அனுமதிப்பத்திரம்" என்பார்கள், அந்தச் சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நம் மலேசிய உரிமத்தையும் பன்னாட்டு உரிமத்தையும் சேர்த்தே கொண்டுபோங்கள். வேலை சுலபமாகிவிட்டது என்பதற்காக, இறங்கிய கையோடு தூக்கக் கலக்கத்தில் கண்டிக்கு ஓட்டிவிடாதீர்கள். முதல் நாள் தூங்குங்கள்.

11 ஆகஸ்ட் 2025

பத்து காஜா ஊரிலிருந்து செப்டம்பரில் போகிற குடும்பத்துக்கு: அப்பாவின் கட்டை என் வேனில் இருக்கிறது. உறுதியான செங்கால் (chengal) மரம், ஆப்பு வடிவில் செதுக்கியது, ஒரு மூலை தேய்ந்திருக்கும், கயிறு கட்டியிருக்கும். ஒரு கிலோகூட வராது, பெட்டியில் வைத்து அனுப்பலாம். காலை ஏழரைக்குப் பிறகு நான் பழைய சந்தைக்கு எதிரில்தான் நிற்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கயிற்றை அவிழ்க்காதீர்கள். அது இருந்தால் எடுக்க மறக்க மாட்டீர்கள்.